கியாராக் குன்றின் ஒற்றையடிப் பாதைகள்

என் தமக்கையின் மகன் வெளிநாட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு திரும்பியபோது, பெட்டியின் அடியில் துணிகளுக்கிடையே பத்திரமாகப் பொதிந்து ஏழெட்டு வட்டத் தட்டுகளைக் கொண்டுவந்திருந்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவற்றைப் பரப்பி வைத்து, இது வெகுதூரம் போவது, இது இடப்பக்கம் வளைந்து இறங்குவது, இது கடைசியில் கூடைக்குள் மெல்ல இடுவதற்கு உரியது என்று ஒவ்வொன்றின் சுபாவத்தையும் அவன் எனக்கு விளக்கிக்கொண்டிருக்க, சாய்வு நாற்காலியில் இருந்த என் தாயார் அத்தனையையும் மௌனமாகக் கேட்டுவிட்டு, "இதை எங்கேப்பா எறிவே? இங்கே இடம் ஏது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்கு மூலகாரணம்.

டிஸ்க் கோல்ஃப் என்னும் இந்த விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். பந்தும் கோலும் இதில் இல்லை. ஓரிடத்தில் நின்று தட்டை எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் எறிந்து, மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து சென்று, சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடையில் அதைச் சேர்ப்பித்துவிட்டால் ஒரு கட்டம் முடிந்தது; பிறகு அடுத்த கூடை. எல்லாக் கூடைகளையும் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் என்னும் பொதுப் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கென முதன்முதலாக நிரந்தரக் களம் ஒன்றை அமைத்தார். பிரிஸ்பீ தட்டுகளைச் செய்த வாம்-ஓ கம்பெனியில் பணியாற்றியவர் அவர். சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடித்ததே. 2002இல் அவர் காலமானபின், அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன என்பதைக் கேட்டபோது, ஒரு மனிதன் தான் நேசித்த காரியத்தோடு இவ்வளவு நெருங்கிக் கலந்துபோக முடியுமா என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. இதற்காகக் காட்டை அழிக்கவேண்டியதில்லை. மரமே ஆட்டத்தின் தடை, மரமே ஆட்டத்தின் ரசம். மேட்டையும் பள்ளத்தையும் நிரவிச் சமதரையாக்கிவிட்டால் ஆட்டமே சப்பென்று போய்விடும். ஆகையால் உலகமெங்கும் இதன் களங்கள் பெரும்பாலும் பொதுப் பூங்காக்களிலேயே, நுழைவுக் கட்டணமின்றி, நடப்பவரோடும் ஓடுபவரோடும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு இருந்துவருகின்றன. பொது இடமாகையால் அவை எளிதில் பாழாவதும் உண்டு. என் மருமகன் படித்த ஊரில் அப்படி ஒரு களம், வெள்ளம் வந்து போனபின் கேட்பாரற்றுக் கிடந்து, கூடைகளின் சங்கிலிகள் அறுந்து, எறிமேடைகள் சேற்றில் அமிழ்ந்து, புதர் மண்டிப் போயிற்றாம். யாரிடமும் மனுக் கொடுத்துக் காத்திராமல், விளையாடுகிறவர்களே வாரந்தோறும் கூடி, புல்லைச் சீவி, வடிகாலைத் தோண்டி, ஒவ்வொரு கூடையாகச் செப்பனிட்டு, ஓராண்டுக்குள் அதை மீண்டும் ஆடுகளமாக்கினார்கள் என்று அவன் சொன்னான். அவனும் அங்கே மண் சுமந்தவன். அதனால்தான் அந்தத் தட்டுகளை அவ்வளவு பத்திரமாகப் பொதிந்து எடுத்து வந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

"மாமா, எனக்கு மைதானம் வேணாம். மரம் இருக்கிற பொது இடம் ஒண்ணு காட்டுங்க" என்றான்.

பிரிக்பீல்ட்ஸில் நான் எதைக் காட்டுவது? என் பால்யத்தில் ரயில்வே யார்டை ஒட்டிக் கிடந்த காலி நிலத்தில் நாங்கள் பந்தாடினோம். அந்த யார்டு இருந்த இடத்தில் 2001ஆம் ஆண்டில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது; அதைச் சுற்றிலும் கட்டிடங்கள் எழும்பின. நான் நிலையத்தைக் குறை கூறவில்லை, தினமும் அங்கிருந்துதான் பிரயாணம் செய்கிறேன். ஆனால் பக்கத்தில் ஓடிப்பிடித்து விளையாட ஒரு பிடி மண்ணில்லாத பேட்டையில் குழந்தைகள் வளர்வதைக் காணும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. அருகே பங்சாரில், மின்கம்பிகளுக்குக் கீழே சும்மா கிடந்த சரிவொன்றை, நிலவனப்புக் கலைஞர் இங் செக் சான் முன்னின்று, ஊராரின் கைகளைக் கொண்டே காய்கறித் தோட்டமாக மாற்றிய கெபுன்-கெபுன் பங்சார் இருக்கிறது. அது பார்க்கவேண்டிய இடம். ஆனால் கீரைப் பாத்திகளுக்கு மேலே தட்டு எறிய முடியாது. ஆகவே அவனை நான் புக்கிட் கியாரா என்னும் குன்றுக்கு அழைத்துச் சென்றேன்.

முசியம் நெகாரா நிலையத்தில் எம்.ஆர்.டி. ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில். அங்கிருந்து வீடமைப்புப் பகுதியின் ஊடாக நடந்து, சாலை முடியும் இடத்தில் மரங்களின் நிழலுக்குள் காலெடுத்து வைத்தவுடன், நகரம் பின்னால் எங்கோ நின்றுவிடுகிறது. காதில் விழும் முதல் சப்தம் பறவையினுடையது அன்று. முற்றிய ரப்பர்க் காய் வெயிலில் வெடித்து, கொட்டைகள் சருகின்மேல் தெறித்து விழும் சப்தம். தோட்டத்தில் பிறந்தவர்களின் நெஞ்சில் அது என்ன செய்யும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களே அறிவார்கள்.

ஆம், இந்தக் குன்று முழுவதும் ஒரு காலத்தில் பால்மரக் காடு. புக்கிட் கியாரா எஸ்டேட் என்ற ரப்பர்த் தோட்டம் இது. 1970களில் அரசாங்கம் பொதுப் பிரயோஜனத்துக்காக இதைக் கையகப்படுத்தியது. பிறகு ஒரு பகுதி கோல்ஃப் சங்கத்துக்கும், ஒரு பகுதி குதிரைச் சவாரிச் சங்கத்துக்கும், ஒரு பகுதி இடுகாட்டுக்கும் போக, எஞ்சிய சரிவுகளில் வெட்டுவாரின்றி விடப்பட்ட பால்மரங்கள் தம் இஷ்டம்போல் வளர்ந்து, விழுந்த கொட்டைகள் முளைத்து, இடையிடையே காட்டு மரங்களும் கொடிகளும் புகுந்து, தோட்டமும் அல்லாத, ஆதிவனமும் அல்லாத ஒரு நிழற்பிரதேசம் உருவாயிற்று. ஒரே குன்றின் ஒரு பக்கத்தில், அங்கத்தினர் மட்டும் நுழையக்கூடிய, கத்தரித்த பச்சைப் புல்வெளி. மறுபக்கத்தில், யார் வேண்டுமானாலும் நடக்கக்கூடிய காட்டுப் பாதைகள். இரண்டையும் பிரிக்கும் கோட்டில் நின்று பார்த்த என் மருமகன் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் காட்டுப் பாதைகளைப் பற்றியதே நான் முக்கியமாகச் சொல்லவந்த விஷயம்.

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் நடைப்பிரியர்களும் பல ஆண்டுகளாகத் தங்கள் கைகளாலேயே இக்குன்றில் ஒற்றையடிப் பாதைகளை அமைத்தும் பராமரித்தும் வந்திருக்கிறார்கள். டிராக்ஸ் என்று சுருக்கமாக வழங்கும், கோலாலம்பூர், சிலாங்கூர்ப் பாதைகளுக்கான சங்கம் ஒன்று உண்டு. குன்றின் பொதுத்தன்மைக்காகக் குரல்கொடுக்கும் புக்கிட் கியாரா நண்பர்கள் என்ற குழுவும் உண்டு. மலாய்க்காரர், சீனர், தமிழர், வெளிநாட்டார் என்ற பேதமில்லாமல் மண்வெட்டியும் பாராங் கத்தியும் எடுத்துக்கொண்டு விடுமுறைக் காலைகளில் புறப்படுகிறவர்கள் இவர்கள். எங்கள் நாட்டில் இதற்கு கோத்தோங் ரோயோங் என்று பெயர். தமிழில் சிரமதானம் எனலாம். எனக்கோ, கையில் உழவாரப் படையோடு ஊர் ஊராகச் சென்று கோயில் பிராகாரங்களின் புல்லைச் செதுக்கிய அப்பர் சுவாமிகளின் நினைவே வருகிறது. நடப்பவர் பாதத்துக்கு முள் தைக்கலாகாது என்பதற்காகச் செய்யப்படும் தொண்டு எந்த இடத்தில் நடந்தாலும் அது உழவாரப் பணிதான் என்பது என் அபிப்பிராயம்.

பாதை அமைப்பதில் இத்தனை சாஸ்திரம் இருக்கிறது என்பதை நான் அங்கே சென்றபிறகே அறிந்தேன். குன்றின் மேல் ஏறவேண்டுமென்றால் நேரே ஏறுவதுதான் குறுக்கு வழி என்று நாம் நினைக்கிறோம்; அப்படிப் போடும் பாதையை மழை தன் வாய்க்காலாக்கிக்கொண்டு, இரண்டு பருவத்தில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துவிடுகிறது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அதுவும் பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்குள் வானத்தையே கவிழ்த்தாற்போலக் கொட்டுகிறது. ஆகவே பாதையானது குன்றின் இடுப்பைச் சுற்றியே ஏறவேண்டும். பாதையின் ஏற்றம், அது கடக்கும் சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டலாகாது. தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போகாமல், பாதையோடு கூடவே ஓடிவரத் தொடங்கிவிடும். பாதையின் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்திருக்கவேண்டும். ஏறிச் செல்லும் பாதை ஆங்காங்கே ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறவேண்டும். அந்தப் பள்ளங்களில்தான் நீர் வெளியேறும். இவ்வளவும் சரியாக அமைந்தபின், சருகு வந்து அந்த வாய்களை அடைத்துக்கொள்ளும். மறுபடி மறுபடி அந்தச் சருகை எடுத்துக்கொண்டே இருப்பதுதான் பராமரிப்பின் சாரம். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான வேலை அன்று அது. படம் எடுத்து மாட்டவும் முடியாது. மழை பெய்து பாதை கெடாமல் இருப்பதே அதற்குச் சாட்சி.

தமிழ்நாட்டு ஏரிகளில் முன்னாளில் நடந்த குடிமராமத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஏரித் தண்ணீரை உண்டவர்களே வண்டல் வாரவும் கரை கட்டவும் கூடினார்கள். அதை 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் சென்னை ராஜதானி அரசு கட்டாயமாக்க முயன்றது. 2017இல் தமிழ்நாட்டு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சட்டத்தாலும் திட்டத்தாலும் மராமத்து நடக்கக்கூடும். ஆனால் 'இது எங்கள் ஏரி' என்ற உரிமையுணர்ச்சியைச் சட்டம் உண்டாக்காது. அது மண்ணைத் தொட்ட கைகளில் தானாக ஊறுவது.

அந்த உணர்ச்சிக்குச் சோதனைகள் வந்தன. குன்றைப் பூங்காவாக அமைக்கும் பணிகளின்போது இயந்திரங்கள் ஏறி, கைகளால் அமைத்த பாதைகள் சில அழிந்தன, வேலிகள் எழுந்தன. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அமைத்த பாதை ஒரு பகலில் புல்டோசருக்கு இரையாவதைப் பார்த்தவர்கள், மண்வெட்டியை வீசிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் போகவில்லை, கடிதம் எழுதினார்கள், பேச்சுவார்த்தைக்குச் சென்றார்கள், எஞ்சிய பாதைகளைத் தொடர்ந்து செப்பனிட்டார்கள்.

பெரிய சோதனை குன்றின் அடிவாரத்தில் வந்தது. அங்கே 25 ஏக்கர் பரப்புள்ள தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா இருக்கிறது. அதில் 12 ஏக்கரில், 42 முதல் 54 மாடிகள் வரை உயர்ந்த எட்டுக் கோபுரங்களும், அவற்றோடு 350 மலிவு விலை வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டிடம் ஒன்றும் எழுப்புவதற்கு 2017 ஜூலை 13ஆம் தேதி மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளிற்று. அவர்கள் நிதி திரட்டினார்கள், மேலே சென்றார்கள். 2021 ஜனவரி 27இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்தது. டத்தோ பண்டார் எனப்படும் மாநகரத் தலைவர் முதலியோர் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போக, 2023 ஏப்ரல் 18இல் அந்த உச்ச நீதிபீடமும் குடியிருப்பாளர்களின் பக்கமே தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அதன் உட்கருத்தை என் அறிவுக்கு எட்டிய அளவில் சொல்வேன். கோலாலம்பூர்க் கட்டமைப்புத் திட்டம் 2020 என்பது, ஊர் ஜனங்களின் கருத்தைக் கேட்டு, சட்டப்படி 2004இல் வெளியிடப்பட்டது. அதில் இந்த நிலம் பொதுவெளியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கும் படம் அன்று, நகரத்தை நிர்வகிப்பவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் சாசனம். அதிலிருந்து விலகவேண்டுமானால் தக்க காரணம் இருக்கவேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லவும் வேண்டும். பூங்காவை உபயோகிக்கிற சாமானியர்களுக்கு அதைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு. ஒரு பூங்காவின் வழக்கு இந்த நாட்டு நகரங்களில் உள்ள பொதுவெளிகள் அனைத்துக்கும் அரணாக அமைந்ததை நான் மிகப் பெரிய பாக்கியமாகக் கருதுகிறேன்.

ஆயினும் அந்தச் செய்தியைப் படித்த இரவில் எனக்கு முழுமையான சந்தோஷம் உண்டாகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பூங்காவின் உள்ளேயே நீண்ட வீடுகள் இருக்கின்றன. ஒரு கோயிலும் இருக்கிறது. கியாராத் தோட்டத்தில் பால் வெட்டிய நம் மக்களை, தோட்டம் அரசின் கைக்குப் போனபின், 1982ஆம் ஆண்டில் தற்காலிகமாக என்று சொல்லி அந்த வீடுகளில் குடியேற்றினார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டாக நீண்டது. சுமார் 100 குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்குக் காத்துக் காத்து, வாக்குறுதி பெற்றவர்களில் அநேகர் மாண்டுபோய், அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கூரையின்கீழ் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மேற்சொன்ன 350 மலிவு விலை வீடுகள் அவர்களை உத்தேசித்து அந்தப் பெருந்திட்டத்தோடு இணைக்கப்பட்டவை. கோபுரங்கள் வந்தால் வீடு வரும், கோபுரங்கள் போனால் வீடும் போகும் என்றாயிற்று. பூங்காவைக் காக்கவேண்டும் என்றவர்களும், தலைக்குமேல் உறுதியான கூரை வேண்டும் என்றவர்களும் ஒருவரையொருவர் எதிரிகளாகப் பார்க்கும்படியான ஓர் ஏற்பாடு அது. இருவருடைய கோரிக்கையும் நியாயமானது. அவ்விரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுக் கட்டியதுதான் அநியாயம் என்று நான் திடமாக நம்புகிறேன். அவர்களுக்கு உரிய வீடு, நான்கு ஏக்கருக்குள் அடங்கக்கூடிய ஒரு கடன். அந்தக் கடனைத் தீர்க்கப் பன்னிரண்டு ஏக்கர் மரங்களையும் வானத்தையும் விற்கவேண்டியதில்லை. பூங்கா மீண்டது என்று நாம் சொல்லும்போது, அந்தப் பூமியை முதன்முதலில் வெட்டித் திருத்தியவர்கள் அங்கே மரியாதையோடு குடியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இவ்விடத்தில் என் குடும்பத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். என் தாயார் 1941இல், கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அது கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தால் கொந்தளித்த ஆண்டு. ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல் போன்றவை. அவற்றோடு, துரைமாரைக் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துருப்புக்கள் வந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். என் பாட்டனாரிடம் ஒரு சைக்கிள் இருந்ததாம். அவர் இறங்கி நின்ற நாட்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒருபோதும் பேசியதில்லை என்று அம்மா சொல்வார்.

கியாராவின் பாதைகளில் இப்போது இளைஞர்களும் பெண்களும் சைக்கிளில் வளைந்து வளைந்து பறந்து வருகிறார்கள். எதிரே நடந்து வரும் கிழவரைக் கண்டால் அவர்களே ஓரமாக நின்று, வழிவிட்டு, தலையசைத்துச் செல்கிறார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

என் மருமகன் அன்று தட்டுகளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மரங்களின் இடைவெளியையும் சரிவையும் கண்ணால் அளந்து, இங்கே ஒரு கூடை நிற்கலாம், அந்த வளைவுக்கு அப்பால் இன்னொன்று நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், நடப்பவர் பாதை குறுக்கிடும் இடம் வந்ததும் தயங்கி நின்றான். "முதல்ல இவங்க வேலையில கொஞ்ச நாள் சேர்ந்துக்கிறேன் மாமா. அப்புறம் கேட்டுப் பார்ப்போம்" என்றான். அடுத்த விடுமுறையிலேயே மண்வெட்டியோடு போனான், உள்ளங்கை கொப்புளித்துத் திரும்பினான், மறுபடியும் போனான். கூடைகள் என்றாவது ஒரு நாள் அங்கே வரலாம், வராமலும் போகலாம். அதைப் பற்றி அவன் இப்போது அதிகம் பேசுவதில்லை. எந்த வளைவில் நீர் தேங்குகிறது என்பதைப் பற்றியே சாப்பாட்டு வேளையிலும் பேசுகிறான்.

அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வயதைக் காரணம் காட்டி இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன், பிறகு தள்ளமுடியவில்லை. அதிகாலையில் அங்காடிக் கடையில் பசியாறிவிட்டு, வாடகைக் காரில் அடிவாரம் வரையில் சென்று, கைத்தடியை ஊன்றியபடி சமமான பகுதியில் மெதுவாக நடந்தோம். ஒரு பழைய பால்மரத்தருகில் வந்ததும் அம்மா நின்றுவிட்டார். பட்டை முழுவதும் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே, "உளி கட்டையில இறங்கியிருக்கு. பால் வெட்டுறப்போ பட்டையோட நிக்கணும். உள்ளே பட்டுச்சுன்னா மரம் இப்படித்தான் முண்டு வைக்கும். புதுசா உளி பிடிச்ச பிள்ளை யாரோ வெட்டுனது. தண்டல் கிட்ட நல்லா ஏச்சு வாங்கியிருக்கும், பாவம்" என்றார். எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ, எத்தனை ஆண்டுக்கு முந்திய பிழையோ! இருட்டில் நெற்றி விளக்கோடு நின்று, நடுங்கும் கையால் அந்தக் கோட்டை இழுத்த ஒரு சிறுமியை அம்மா பார்த்துவிட்டார். அவர் பார்த்ததனால் நாங்களும் பார்த்தோம்.

பிறகு அவர் கண்கள் சரிவின்மேல் சென்றன. மரங்கள் வரிசை வரிசையாக, குன்றின் இடுப்பைச் சுற்றி வெட்டிய படிகளில் நிற்பதை, அத்தனை முறை போய்வந்தும் நான் கவனித்ததில்லை. "இது நெரை" என்று தடியால் சுட்டினார். "இந்த நெரையில ஏறி, அந்த முனையில திரும்பி, மேல் நெரையில வரணும். தோம்பு நிறையப் பாலைத் தூக்கிட்டுச் சரிவுல நேரா இறங்க முடியாது, வழுக்கி விட்டுடும். அதுக்குத்தான் சுத்து வழி." என் மருமகன் அப்படியே திகைத்து நின்றான். அவனும் அவன் நண்பர்களும் கருவி வைத்து அளந்து, நூல் படித்து, சாய்வுக்குப் பாதி என்று கணக்கிட்டுப் போட்ட பாதை, கொஞ்சதூரம் அந்தப் பழைய நிரையின் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

வானம் இருண்டுகொண்டு வந்தது. திரும்பிவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை, பாதையோரத்தில், நீர் வெளியேறும் பள்ளத்தின் வாயில் மண்டிக்கிடந்த சருகைக் கைத்தடியின் நுனியால் கிளறிக் கிளறிச் சரிவுப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து மலைக்குப் போகும்போது, கானில், அதாவது வடிகாலில், சருகு அடைத்திருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போவது பழக்கமாம். பேரன் குனிந்து மிச்சத்தைக் கையால் வாரினான். முதல் தூறல் இலைகளின்மேல் விழுந்து, சற்று நேரத்தில் பாதையின்மேல் மெல்லிய ஓடையாகத் திரண்டு, அவர்கள் திறந்துவிட்ட வாய்வழியே தயங்காமல் கீழே இறங்கியது.

கூரை போட்ட இளைப்பாறும் மேடையில் ஒதுங்கி நின்றபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேரனிடம் கேட்டார்:

"அடுத்த வாரம் எத்தனை மணிக்குப் பெரட்டு?"